விமானத்தில் கேட்ட எங்கள் வானொலி

போன மாதம் எங்கள் வானொலி நிலையத்தில், பணி ஓய்வு பெற்ற எனக்கு விடை கொடுத்தார்கள். சால்வை, கடிகாரம், கேசரி எல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, என் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யா கைபேசியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"அக்கா, இத்த பாருங்க. எஃப்.எம். டிரான்ஸ்மிட்டராம். ஒரு பட்டுச் சேலை வெலகூட இல்ல. ஊருக்கு ஒண்ணு வாங்கி வெச்சா நம்ம ரேடியோ எல்லா எடத்துலயும் கேக்குமே. ஏன் இத்த யாருமே செய்யல?"

"செஞ்சாங்களே" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் நைனா, ஆந்திராவின் தமிழ் எல்லையிலுள்ள நகரியில், ரயில் நிலையத்துக்கு எதிரே ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஈயம் உருகும் வாசனை எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். புத்தூர் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். அப்புறம் டி.வி. கம்பெனி ஒன்றின் சர்வீஸ் சென்டரில் பல வருடம் வேலை. நெசவாளர் வீட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்திய சங்கம் ஒன்று சமுதாய வானொலிக்கு உரிமம் வாங்கியபோது, கருவியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். போனேன். ஐதராபாத்துக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் மைக்கின் முன்னாலும் உட்காரவைத்துவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை. காலையில் தமிழில் நூல் விலை, மருத்துவமனைச் செய்தி. சாயங்காலம் தெலுங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. இரண்டுக்கும் நான்தான்.

எங்கள் நிலைய மேலாளர் சேஷாத்ரி சார். திருப்பதிக்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். அரசு வானொலியில் ஒலிபரப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். காலை பாசஞ்சரில் ரேணிகுண்டாவில் ஏறி நகரியில் இறங்குவார். நெற்றியில் திருமண், தோளில் துணிப்பை, பையில் சொந்தமாகக் கொண்டுவந்த தண்ணீர். எங்களில் கடைசியாகச் சேர்ந்த பெண்ணைக்கூட "வாங்கோ, உக்காருங்கோ" என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும். மற்றவர்கள் கத்தினால் பயப்படுவோம். அவர் மெதுவாகப் பேசினால் பயப்படுவோம்.

கருவியை இயக்குவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஆன்டெனா கேபிளின் இணைப்பைக் கையால் தொட்டுப் பார்க்காமல் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. ஆன்டெனா இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை இயக்கினால், வெளியே போகவேண்டிய சக்தி திரும்பி வந்து கருவியையே எரித்துவிடும். முதலில் மிகக் குறைந்த சக்தியில் ஏற்ற வேண்டும். திரும்பி வரும் சக்தியைக் காட்டும் முள் அசையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இதெல்லாம் முடிந்ததும் அவர் ஸ்டூடியோவில் இருக்கமாட்டார். எதிரே டீக்கடைக்குப் போய், அங்கிருக்கும் மட்டமான ரேடியோ பெட்டியில் எங்களைக் கேட்பார். "இங்க ஹெட்போன்ல நன்னாத்தான் இருக்கும். அவா பெட்டியில எப்படி இருக்குங்கறதுதான் கேள்வி" என்பார்.

உரிமத்தில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த இடம் எஃப்.எம். பட்டையின் கடைசி முனை. அதைத் தாண்டி உடனே விமானங்களுக்கு வழி காட்டும் அலைவரிசைகள் தொடங்குகின்றன. அதனால் சார் வடிகட்டியை, அதாவது எங்கள் அலை எல்லை தாண்டிச் சிதறாமல் தடுக்கும் பகுதியை, அடிக்கடி சோதிக்கச் சொல்வார். "நம்மாத்துக் குப்பை அடுத்தாத்து வாசல்ல விழப்படாது" என்பார். ரேணிகுண்டா விமான நிலையம் எங்களுக்குத் தொலைவுதான். ஆனால் மேலே பறக்கிற விமானத்துக்கும் எங்களுக்கும் நடுவே மறைப்பு எதுவும் கிடையாது.

தரையில் நிலைமை வேறு. நகரியைச் சுற்றி மலை. மலைக்கு அந்தப் பக்கம் சின்னக்கொல்லமேடு என்று ஒரு நெசவாளர் ஊர். அந்த ஊர்ப் பெண்கள் வாரா வாரம் பஸ் பிடித்து வந்து எங்கள் ஸ்டூடியோவில் ஒரு நிகழ்ச்சி பதிவு செய்வார்கள். கைத்தறிக் கூலி, பிரசவத்துக்குப் போகவேண்டிய ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் படிப்பு என்று வெளுத்துவாங்குவார்கள். மற்ற ஊர்களில் எல்லாம் அதற்கு ரசிகர்கள். அவர்கள் ஊரில் மட்டும் அது கேட்காது. மலை மறைத்தது.

நேயர் கூட்டம் ஒன்றில் அமுதா என்ற பெண் எழுந்து, "நாங்க பேசறத ஊரே கேட்டுக்கினு கீது, எங்க வூட்ல கேக்கல. இன்னா சார் நாயம் இது?" என்றாள். சார் எழுந்து நின்று பதில் சொன்னார். உரிமம் ஒரு கம்பத்துக்கு, ஒரு கருவிக்குத்தான். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று வைக்கச் சட்டத்தில் இடமில்லை. சக்தியைக் கூட்டவும் முடியாது. சொல்லிவிட்டு, "க்ஷமிக்கணும்" என்று கைகூப்பினார். அமுதா உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலை, கூரையில் விதவிதமான ஆன்டெனாக்கள் முளைத்த ஒரு வேன் எங்கள் வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் பெயர் பிரசாத். அலைவரிசைகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி, சென்னையிலிருந்து வந்திருந்தார். அடையாள அட்டையைக் காட்டினார். தண்ணீர்கூட வேண்டாம் என்றார்.

"மேடம், நீங்கதான் கலாவதியா? நூல் விலை சொல்றது?"

"ஆமா சார்."

"உங்க குரல் ரேணிகுண்டாவுல இறங்கற விமானத்துல கேக்குது. பைலட்டுங்க புகார் குடுத்திருக்காங்க. தரையிலேர்ந்து வர்ற வழிகாட்டி சிக்னல் மேல நீங்க பேசறீங்க."

சார் என்னைப் பார்க்கவில்லை. மெதுவான குரலில், "உள்ள வாங்கோ. எதை வேணும்னாலும் அளந்துக்கோங்கோ" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அது கோபமல்ல, பயம் என்று எனக்குப் புரிந்தது. அவரிடம் பயத்தை நான் பார்த்தது அன்றுதான்.

பிரசாத் எங்கள் கருவியின் வாயிலேயே தன் அளவியைப் பொருத்தினார். திரையில் எங்கள் அலை ஒற்றைப் பனைமரம்போல நேராக நின்றது. இரண்டு பக்கமும் சுத்தம். எல்லைக்கு அப்பால் ஒன்றுமில்லை. நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை. விமான நிலையத்தில் இருந்த தன் சக அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த விமானம் நெருங்கும் வரை காத்திருந்தார்.

"இப்ப ஆஃப் பண்ணுங்க."

நிறுத்தினேன். விமானத்தில் குரல் நின்றது என்று செய்தி வந்தது.

"ஆன் பண்ணுங்க."

குரல் திரும்பி வந்தது. மறுபடி நிறுத்தச் சொன்னார். மறுபடி நின்றது.

பிரசாத் அளவியை மூடினார். "மீட்டர் நீங்க சுத்தம்னு சொல்லுது. விமானம் இல்லங்குது. எனக்கு விமானம்தான் முக்கியம். மறு உத்தரவு வர்ற வரைக்கும் ஒலிபரப்பு கூடாது. இன்னிக்கே மேல எழுதறேன். உரிமம் நிக்குமா நிக்காதான்னு நான் சொல்ல முடியாது."

சங்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். வங்கிக் கடன், அரசு அலுவலகங்களுக்கு நடந்த நடை என்று அவர்கள் இந்த வானொலிக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஸ்டூடியோவுக்குள் போய் உட்கார்ந்தேன். கருவியின் விசிறிச் சத்தம்கூட இல்லை. தொலைபேசி மட்டும் ஓயாமல் அடித்தது. "இன்னாக்கா, ரேடியோ வரல?" என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன்: கருவியில் சோதனை நடக்கிறது.

அப்போது ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, உஸ்ஸுனு சத்தம்தான் வருது. பேச்சே காணோம்."

"சோதனை நடக்குதும்மா. எந்த ஊரு?"

"சின்னக்கொல்லமேடு."

பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். "சின்னக்கொல்லமேட்டுல நாங்க பேசறது கேக்குதா?"

"இப்பல்லாம் நல்லா கேக்குதேக்கா! நம்ம அமுதா வூட்டுக்காரு முனிரத்தினம் இன்னாவோ செஞ்சி குட்த்தாரு. நீங்க சொல்ற நம்பர்ல வராது. முள்ள கொஞ்சம் இந்தாண்ட வெக்கணும்."

போனை வைத்தேன். வேறு எண்ணில் எங்கள் குரல். அப்படியென்றால் மலைக்கு அந்தப் பக்கம் எங்களைக் கேட்டு, அதையே திருப்பி ஒலிபரப்பும் இன்னொரு கருவி இருக்கிறது. நாங்கள் பேசினால் அதுவும் பேசும். நாங்கள் நிறுத்தினால் அதுவும் வாயை மூடும். பிரசாத்தின் சோதனையில் நாங்கள் மாட்டியது அதனால்தான்.

முதலில் வந்தது ஆறுதல். குற்றம் எங்களுடையது இல்லை. அடுத்த நொடியே முனிரத்தினத்தின் முகம் நினைவுக்கு வந்தது. விசைத்தறி மெக்கானிக், நகரியில் பாதித் தறிகள் அவர் கைபட்டுத்தான் ஓடின. உரிமம் இல்லாமல் ஒலிபரப்பினால் சிறைவரைக்கும் போகும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதுவும் விமானத்துக்கு இடைஞ்சல்.

சாரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னா அவர புடிச்சிக்கினு போய்டுவாங்க சார்" என்றேன். "நம்மகிட்ட அந்தப் பொம்பள கேட்டப்ப, முடியாதுன்னு சொன்னோம். இப்ப அவங்க வூட்டையே நாம காட்டிக் குடுக்கறதா?"

"நாம வாய மூடிண்டா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்கோ" என்றார். "அந்தப் பெட்டி அங்கேயேதான் ஓடிண்டிருக்கும். குரல் இல்லாததாலே பைலட் புகார் பண்ணமாட்டான். இடைஞ்சல் மட்டும் போகாது. மழை நாள்ல, கண்ணு தெரியாம இறங்கற விமானம்னு வெச்சுக்கோங்கோ."

எனக்கு அதுவரை அது தோன்றவில்லை. எங்கள் குரல் நின்றது ஒன்றையும் சரிசெய்யவில்லை. ஆபத்தை யாருக்கும் தெரியாமல் மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

"நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றேளா?" என்று கேட்டார் சார்.

"நானே சொல்றேன்."

பிரசாத் வேனில் ஏறிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு மாற்றம் தெரிந்தது. வரைபடத்தை விரித்து மலையையும் ஊரையும் விமானப் பாதையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார்.

"ஒரே ஒரு வேண்டுகோள் சார். போலீசோட போய்க் கதவ தட்டாதீங்க. முதல்ல நான் போய்ப் பேசறேன்."

"சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்ல மேடம்."

"கூடாதுன்னும் இல்லையே சார்" என்றார் சேஷாத்ரி சார், பக்கத்தில் வந்து.

பிரசாத் யோசித்தார். "சரி. தெருமுனையில வண்டிய நிறுத்தி அளந்துகிட்டே இருப்பேன். நான் வர்றதுக்குள்ள சிக்னல் நின்னுச்சுன்னா, தடயத்த அழிச்சாங்கன்னுதான் எழுதுவேன். உங்களையும் சேத்து."

அந்த இன்னொரு கருவியைப் பிடிக்க, எங்கள் கருவியைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இயக்க அனுமதி கொடுத்தார். சங்கத்துப் பெண் ஒருத்தியிடம் நான் பேசிய பழைய நிகழ்ச்சி ஒன்றை ஓடவிடச் சொல்லிவிட்டு, நாங்கள் மூவரும் வேனில் கிளம்பினோம். மலையைச் சுற்றிக்கொண்டு போகிற வழியில் எங்கள் ஒலி மங்கி, இரைந்து, இல்லாமலே போயிற்று. ஊர் எல்லை வந்ததும் திரையில், வேறு எண்ணில், அது மறுபடி எழுந்தது. அதன் இரண்டு பக்கமும் முள்வேலி போல நூறு கோடுகள். அந்த வேலி எல்லையைத் தாண்டி விமானங்களின் பட்டைக்குள் நீண்டிருந்தது.

நான் இறங்கி நடந்தேன். வீடுகளுக்குள் இருந்து கைத்தறிச் சத்தமும் எங்கள் பழைய நிகழ்ச்சியும் சேர்ந்து வந்தன. அந்தத் தெருவில் என் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வாசலிலும் அது இருந்தது. இதைப் போய் நிறுத்தத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது கால் தயங்கியது.

அன்று விசைத்தறிகளுக்கு மட்டும் மின்சாரம் நிறுத்தியிருந்தார்கள். முனிரத்தினம் வீட்டில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"வாக்கா, வாக்கா! ஏ அமுதா, யாரு வந்துகீறாங்க பாரு! மேல வாக்கா, உனுக்கு ஒண்ணு காட்டணும்."

மாடியில் இரண்டு மூங்கில் கம்பங்கள். ஒன்றில், மலை இறங்கும் பள்ளத்தை நோக்கி அலுமினியக் குழாய்களை மீன்முள் மாதிரிக் கோத்த ஆன்டெனா. அது எங்களைப் பிடிப்பது. கச்சிதமான வேலை. மற்றதில் ஒரு செம்புக் கம்பி. கீழே ஓர் எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள், தபாலில் வரவழைத்த சின்ன டிரான்ஸ்மிட்டர்.

"ஃபோன்ல பாத்து நானே செஞ்சது. காத்தால நீ பேச ஆரமிச்சா ஊரே கேக்குது. வேற ஒரு பாட்டு, ஒரு விளம்பரம் நா போட்டதில்லக்கா. உன்ன மட்டுந்தான் போட்டுக்கினு கீறேன்."

சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. விமானம், பைலட், வழிகாட்டி சிக்னல், தெருமுனையில் நிற்கிற வேன் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே டப்பாவை நோக்கிப் பாய்ந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்தாதே முனிரத்தினம். அவர் வந்து அளக்கற வரைக்கும் ஓடட்டும்."

"விடுக்கா! மேல ஆளுங்க கீறாங்கன்னு சொல்லிக்கினு, ஓடட்டும்கிற?"

"இப்ப எந்த விமானமும் இறங்கல. அத கேட்டுட்டுதான் வந்தோம். நீ நிறுத்தினா மறைச்சேன்னு எழுதுவாங்க."

அமுதா படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்களால முடியாதுன்னு சொன்னீங்க. இவரு செஞ்சாரு. இப்ப ஜெயிலுக்கும் இவருதான் போவணுமா?" என்றாள். "நான் கூட இருப்பேன்" என்று மட்டும் சொன்னேன்.

பிரசாத் மேலே வந்து, சுற்றிலும் பார்த்து, அளந்து, படம் எடுத்துக்கொண்டார். திரையை முனிரத்தினத்திடம் திருப்பிக் காட்டினார். "இந்த உயரக் கோடு உங்க ஊருக்குப் போறது. இந்தச் சின்னக் கோடுங்க எல்லாம் விமானத்துக்குப் போறது. விலை கம்மின்னு இதுல வடிகட்டியே வெக்கல." முனிரத்தினம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது இந்த மாதிரி பண்ணும்னு எனுக்குத் தெரியாது சார்" என்றார். அதற்குமேல் வாதாடவில்லை.

"இப்ப ஆஃப் பண்ணுங்க" என்றார் பிரசாத்.

தெருவில் எல்லா வாசலிலும் என் குரல் ஒரே சமயத்தில் நின்றது. தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

சேஷாத்ரி சார் அப்போது மிகத் தணிந்த குரலில் கேட்டார். "அவரே தானா ஒப்படைச்சார்னு எழுதலாமோ?"

"அவர் கையால கழட்டி என் கையில குடுத்தா, நடந்தத எழுதறதுக்கு எனக்கென்ன?" என்றார் பிரசாத்.

முனிரத்தினம் திருப்புளியை எடுத்தார். தறியைப் பிரிக்கிற அதே நிதானத்தோடு ஒவ்வொரு திருகாகக் கழற்றி, டப்பாவைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். பிரசாத் வாங்கி உறையில் போட்டு முத்திரை வைத்தார். செம்புக் கம்பியும் போயிற்று. மீன்முள் ஆன்டெனாவின் பக்கம் நான் திரும்பிப் பார்த்தேன். "அது இருக்கட்டும். கேக்கறது குத்தமில்ல, அனுப்பறதுதான் குத்தம்" என்றார் பிரசாத். வழக்கு போடுவதா இல்லையா என்பது மேலிடத்து முடிவு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாளே எங்கள் ஒலிபரப்புக்கு, கண்காணிப்பின் கீழ், அனுமதி கிடைத்தது. சங்கத்துப் பெண்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். எனக்கு இறங்கவில்லை. முனிரத்தினத்தின் விஷயம் முடியவில்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டில் ஓய்வெடுக்காமல், ஒரு சுருள் ஒயரோடு பஸ் நிலையத்துக்கு வந்தார். "அந்த மாடியில நம்ம ஒலி நன்னா வந்துண்டுதான் இருக்கு. அனுப்பத்தான் கூடாது. வாசல் வாசலா ஒயர் இழுத்து ஸ்பீக்கர் மாட்டிட்டா, ஆகாசத்துல ஒண்ணும் போகாதோன்னோ?" என்றார். போன் பேசி பிரசாத்திடமும் கேட்டு வைத்திருந்தார். சின்னக்கொல்லமேட்டில் அன்று முழுக்க ஒயர் இழுத்தோம். முனிரத்தினம் ஏணியில், சார் ஏணியைப் பிடித்துக்கொண்டு, நான் இணைப்புகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டு. வீட்டில் கிடந்த பழைய ஸ்பீக்கர்களை எல்லாம் பெண்கள் கொண்டுவந்தார்கள். ஆம்ப்ளிபயரை இயக்கியபோது முதலில் கேட்டது அமுதாவின் நிகழ்ச்சி. அவள் தறிக்குழியில் கால் வைத்தபடி தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

வாரங்கள் போயின. காக்கிச் சட்டை யாராவது தெருவில் தெரிந்தால் முனிரத்தினம் எனக்குப் போன் செய்வார். "எனுக்காக வர்ல, வேற இன்னாத்துக்கோ வந்துகீறாங்க" என்று தானே சொல்லி வைத்துவிடுவார்.

ஒரு நாள் நூல் விலை வாசித்து முடித்து வெளியே வந்தேன். சார் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அவர் கண்ணில் நீர் தளும்பியிருந்தது. மறுமுனையில் பிரசாத்.

"மேடம், ரெண்டு விஷயம். முனிரத்தினம் ஃபைல முடிச்சாச்சு. கருவி பறிமுதல், எச்சரிக்கை. வழக்கு இல்ல. தானா ஒப்படைச்சதுதான் காரணம்."

"இன்னொண்ணு என்ன சார்?"

"இத்தன வாரமா விமானங்கள்ல விசாரிச்சோம். உங்க குரல் யாருக்குமே கேக்கலயாம்."

இத்தனை வருடம் மைக்கின் முன்னால் உட்கார்ந்தவள் நான். யாருக்கும் கேட்கவில்லை என்று சொன்னவருக்கு நான் நன்றி சொன்னது அன்று ஒரு நாள்தான்.